பல்லாவரத்துக் கருங்கல்

பள்ளுருத்தியில் நிலத்தைத் தோண்டினால் முதலில் மணல் வரும். மேலும் தோண்டினால் கரிய சேறு வரும். அதற்கும் கீழே சென்றால் உவர்நீர் ஊறும். கல் மட்டும் வாராது. கொச்சி நகரின் இத்தென்பகுதி முழுவதும் ஆறுகளும் கடலும் சேர்ந்து காலங்காலமாகக் கொணர்ந்து குவித்த மண்ணால் ஆனது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொச்சி அழிமுகத்தை அகலத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அன்றுமுதல் இக்கரை பலமுறை உருமாறியிருக்கிறது. பாறை இல்லாமல் இல்லை. ஆனால் அது மிக ஆழத்தில் புதைந்து கிடக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியிலும் பள்ளுருத்தியிலும் குடியேறி வாழும் நமக்கு இது தொடக்கத்தில் வியப்பாகவே இருந்திருக்கும். நம் ஊர்களில் வயலின் நடுவேகூட ஒரு பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும்; களத்துமேடும் கோயிற்படியும் கிணற்றுச் சுவரும் கல்லாகவே இருக்கும். இங்கோ மாங்காய் அடிக்க ஒரு சிறுவன் கல் தேடினாலும் எளிதில் அகப்படாது.

ஆயினும் கல்லில்லாமல் வாழ்வு நடவாது. வீட்டு அடிமானத்துக்குக் கருங்கல் வேண்டும். கான்கிரீட்டுக்கு ஜல்லி வேண்டும். அதனை இங்குள்ளோர் 'மெட்டல்' என்பர். கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் வண்ணார் குடும்பங்கள் சலவைத் தொழில் நடத்துகின்றன. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் அவர்கள். 1976இல் கட்டப்பட்ட அவர்களது சலவைத் துறையில் துணி அறையும் கல்லும் இம்மண்ணில் பிறந்ததன்று. எல்லாக் கல்லும் கிழக்கேயிருந்து வருகிறது. மூவாற்றுப்புழை, கோதமங்கலம், பெரும்பாவூர் ஆகிய ஊர்ப்புறங்களில் குன்றுகளைப் பிளக்கும் கல்லுடைப்பிடங்கள் உள்ளன. மலையாளத்தில் அவற்றைப் பாறமட என்று வழங்குவர். அங்கிருந்து லாரிகளில் ஏறி, பாலங்களைக் கடந்து, கல் நம் தெருவுக்கு வந்து சேர்கிறது.

அப்படி வந்து குவிந்த கல்லில் ஒரு துண்டை எடுத்து நீரில் நனைத்துப் பாருங்கள். உலர்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகத் தோன்றிய அக்கல், நனைந்தவுடன் கரும்பச்சை கலந்த கருமையைக் காட்டும். புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் பூசினாற்போன்ற ஒரு மினுமினுப்பு இருக்கும். அதில் ஆங்காங்கே நீலச் சாயல் கொண்ட பளிங்குத் துணுக்குகளும், சில கற்களில் மாதுளை முத்தைப் போன்ற செம்மணிகளும் தென்படும். இதே கல்லைச் சென்னைக்கருகே பல்லாவரம், திருசூலம், பரங்கிமலை ஆகிய குன்றுகளிலும் காணலாம். நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் காணலாம். உலகத்துப் புவியியல் நூல்களிலெல்லாம் இக்கல்லுக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர். அப்பெயர் தோன்றுதற்கு இடமாயிருந்தது பல்லாவரத்துக் கல். அதன் வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறோம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுசெய்துகொள்வது நலம். கடைத்தெருவில் மெருகேற்றி விற்கப்படும் கடினமான கல் அனைத்தையும் 'கிரானைட்' என்றே வணிகர் கூறுகின்றனர். புவியியலார் அச்சொல்லை அத்தனை தாராளமாக வழங்குவதில்லை. அவர்கள் கணக்கில் கிரானைட் என்பது, பூமியின் உள்ளே உருகிய குழம்பு மெல்ல ஆறி உறைந்த, குவார்ட்சும் பெல்ஸ்பாரும் மிகுந்த ஒரு தனிக் கல். சார்னோக்கைட் அதற்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் குவார்ட்சு உண்டு, பெல்ஸ்பார் உண்டு. ஆனால் கிரானைட்டில் அபிரகம் இருக்கும் இடத்தில் இதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கும். அபிரகத்தின் உள்ளமைப்பில் நீரின் கூறு அடங்கியிருக்கிறது. ஹைப்பர்ஸ்தீனில் அது இல்லை. ஆகவே, ஈரமே எட்டாத கடும்வெப்பத்தில் உருவான கல் இது என்று அறிகிறோம். ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பமும், இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தின் அழுத்தமும் இதற்கு வேண்டியிருந்தன. அத்தனை ஆழத்திலிருந்த பாறை இன்று நம் காலடியில் கிடக்கிறதென்றால், அதன்மேல் இருந்த நிலமெல்லாம் அரித்துக் கரைந்து போயிற்று என்பதே பொருள். நம் முன்னோர் 'கருங்கல்' என்று ஒரே சொல்லில் இவ்விரண்டையும் அடக்கினார்கள். கொத்தனாருக்கும் சிற்பிக்கும் அந்த ஒரு சொல் போதுமானதாகவே இருந்தது.

இனி, பெயர் வந்த கதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகிய ஜாப் சார்னாக் என்பவர் 1690ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஊக்ளி ஆற்றங்கரையில் சூதானுட்டி என்னுமிடத்தில் வந்திறங்கினார். பிற்காலத்தில் கல்கத்தாவாக வளர்ந்த குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. அவ்வாறு இறங்குவதற்கு முன்பு, வங்கத்தில் முகலாயருடன் ஏற்பட்ட பூசலால் ஆங்கிலேயர் அங்கிருந்து வெளியேற நேர்ந்தபோது, அவர் ஓராண்டுக்கு மேல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் தங்கியிருந்தார். அவருடைய மூன்று பெண்மக்களுக்கும் 1689இல் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் திருமுழுக்கு நடந்தது. எனவே சென்னை அவருக்குப் புதிய ஊரன்று. 1693 சனவரியில் அவர் கல்கத்தாவில் இறந்தார். கல்லறையில் ஆண்டு 1692 என்று பொறித்திருப்பதைக் கண்டு சிலர் மயங்குவர். அந்நாளில் ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள் பிறந்தது. ஆகையால் சனவரி பழைய ஆண்டுக் கணக்கிலேயே சேர்ந்தது.

அவர் மருமகன் சார்லஸ் அயர் சில ஆண்டுகளுக்குள் எண்கோண வடிவில் ஒரு நினைவு மண்டபம் எழுப்பினார். அதனுள் இலத்தீன் மொழியில் எழுத்துப் பொறித்த கரிய கற்பலகை ஒன்று வைக்கப்பட்டது. கல்கத்தாவும் பள்ளுருத்தியைப் போலவே கல்லற்ற வண்டல் நிலத்தில் அமைந்த ஊர். எழுத்துப் பொறிக்கத்தக்க நல்ல கல் வேண்டுமானால் தொலைவிலிருந்துதான் வரவேண்டும். அது சென்னையிலிருந்து வந்தது. பல்லாவரத்துக் கல்லை வெட்டிப் பலகையாக்கி எழுத்துப் பொறிக்கும் தச்சர் சென்னைப் பக்கத்தில் இருந்தனர். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கரையில் நின்ற சரக்கு எதுவாயினும், கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலையைத் தாண்டித்தான் கப்பலை அடைய வேண்டும். கற்பலகை போன்ற சுமைகள் அப்படகில் எவ்வாறு ஆடிச் சென்றிருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இருநூறு ஆண்டுகள் கழிந்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் 1890இல் சேர்ந்த தாமஸ் ஹென்றி ஹாலண்டு என்ற இளம் அறிஞர் அக்கல்லறைப் பலகையை ஆராய்ந்தார். பாறையை ஆராய்வோர், அதில் ஒரு சிறு சீவலை எடுத்து, மயிரிழையினும் மெல்லியதாகத் தேய்த்துக் கண்ணாடிமேல் ஒட்டி, ஒளியை ஊடுருவச் செய்து நுண்ணோக்காடியால் பார்ப்பர். அப்போது கல்லுக்குள் இருக்கும் கனிமங்கள் ஒவ்வொன்றும் தத்தம் நிறம் காட்டித் தம்மை அறிவிக்கும். ஹாலண்டு தாம் கண்டதைப் பல்லாவரம், பரங்கிமலைக் கற்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று நிறுவினார். நூல்களில் அதுவரை தனிப்பெயர் பெறாதிருந்த இக்கல்லுக்கு 1893இல் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். அன்றைய இந்தியத் தலைநகராகிய கல்கத்தாவுக்கு இக்கல்லின் முதல் மாதிரியைத் தாமறியாமலே கொண்டுவரக் காரணமாயிருந்தவர் என்பதே அவர் காட்டிய காரணம். பின்னர் 1900இல் தென்னிந்தியாவின் பல மலைகளையும் உட்படுத்தி விரிவான ஆராய்ச்சி நூலொன்றையும் வெளியிட்டார். 1903இல் அத்துறையின் தலைவராகவும் ஆனார்.

இப்பெயரிடும் முறை நமக்கு அத்துணை நிறைவாகப் படவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கல்லுக்கு அது கிடைத்த ஊரின் பெயரை வைப்பது புவியியலாரிடையே பெருவழக்கு. அவ்வழக்கைப் பின்பற்றியிருந்தால் உலகமெங்கும் இக்கல் 'பல்லாவரைட்' என்று வழங்கியிருக்கும். மாறாக, கல்லின்கீழ்ப் படுத்திருந்தவர் பெயர் கல்லுக்கு ஏறிவிட்டது. வெட்டியவரும் இழுத்தவரும் எழுத்துப் பொறித்தவரும் யாவரென்று ஏட்டில் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கல்கத்தாவைச் சார்னாக் நிறுவினார் என்று சொல்வது பொருந்தாது என 2003ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரை நிறுவியவர் என்ற பட்டம் போயிற்று. கல்லின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள், பி.பி.டி. பாக் எனப்படும் பழைய டல்ஹௌசி சதுக்கத்துக்கு அண்மையிலுள்ள புனித ஜான் தேவாலய வளாகத்தில் இப்பலகையைக் காணலாம். தமிழ்நாட்டிலிருந்து அந்நகருக்கு முந்திக் குடியேறியவற்றுள் அதுவும் ஒன்று.

பல்லாவரத்தின் வரலாறோ சார்னாக்குக்கு மிகவும் முந்தியது. பல்லவபுரம் என்பதே மருவிப் பல்லாவரம் ஆயிற்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் இக்குன்றின் ஒரு பாறைமுகத்தைக் குடைந்து ஐந்து கருவறைகள் கொண்ட குடைவரை ஒன்றை அமைத்தான். அவனுடைய விருதுப் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அக்குடைவரை ஒரு தர்காவாக வழிபாட்டில் இருந்து வருகிறது. ஹைப்பர்ஸ்தீனும் குவார்ட்சும் செறிந்த இக்கல் உளியை எளிதில் ஏற்காது. பாறையில் இயல்பான பிளவுகளும் குறைவு. அதனை உள்நோக்கிக் குடைந்து தூணும் உத்தரமும் விட்டுச் செதுக்கிய அக்காலத் தச்சர்களின் உழைப்பை, இத்தொழிலின் கடினம் அறிந்தவர்களே அளவிட முடியும்.

பக்கத்திலுள்ள பரங்கிமலையைக் கொச்சியிலுள்ள பலரும் அறிவர். இயேசுவின் சீடராகிய தோமையார் கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் கரையிறங்கிக் கேரளத்தில் சமயம் பரப்பினார் என்பதும், பின்னர் இம்மலையில் உயிர்நீத்தார் என்பதும் கிறித்தவ மரபு. அதனால் இங்கிருந்து யாத்திரை செல்வோர் பலர். அவர்கள் ஏறிச்செல்லும் மலை முழுவதும் இதே கல்லே. 1802இல் லாம்டன் என்ற படைத்துறை அலுவலர், பிற்காலத்தில் இந்தியா முழுவதையும் அளந்த பெரும் நில அளவையின் அடிக்கோட்டை இம்மலையடியிலிருந்துதான் அளக்கத் தொடங்கினார்.

பல்லாவரத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. சரளை வெட்டியெடுத்த பள்ளம் ஒன்றில் 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் என்ற புவியியலறிஞர் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு முதற்சான்றாக அறிஞருலகம் அதனையே கொண்டது. அக்கருவி சார்னோக்கைட்டால் செய்யப்பட்டதன்று. குவார்ட்சைட் என்ற வேறு கல்லால் ஆனது. கற்கால மனிதனும் கருங்கல்லைத் தவிர்த்து, செதுக்க இசையும் கல்லைத் தேடியே எடுத்திருக்கிறான்.

கல்லை உடைக்கும் முறை நெடுங்காலம் பெரிதும் மாறவில்லை. பாறையின் மேல் நேர்கோட்டில் சிறுசிறு குழிகளை உளியால் அடிப்பர். குழிதோறும் இரும்பு ஆப்புகளை வைத்துச் சம்மட்டியால் வரிசையாக ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தட்டிக்கொண்டே செல்வர். திடீரென ஓர் ஒலி மாறும். கோட்டின் வழியே பாறை வாய் திறக்கும். அவ்வொலி மாற்றத்தைக் காதால் அறிவதே தலைமைத் தச்சரின் திறமை. சில இடங்களில் பாறைமேல் தீ மூட்டி, சூட்டால் மேற்படலத்தை அடியிலிருந்து பெயர்ப்பதும் உண்டு. வெடிமருந்து வந்தபின் பலகைக் கல்லைவிட உடைகல்லுக்கே மதிப்பு மிகுந்தது. இருப்புப்பாதைக்கும் சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லி வேண்டியிருந்தது. பிறகு அரவை இயந்திரங்கள் வந்தன. பல்லாவரம், பம்மல், திருசூலம் எங்கும் கல்லுடைப்பு ஓங்கியது. சென்னை மாநகரம் வளர வளர அதன் தெற்கேயிருந்த குன்றுகள் தேய்ந்தன.

ஒரு கட்டத்தில் நகரமே குன்றுகளைச் சூழ்ந்துகொண்டது. ஒருபுறம் விமான நிலையம், மறுபுறம் குடியிருப்புகள் என்றானபின் அங்கே வெடி வைக்க இடமில்லை. உடைப்பு ஓய்ந்தது, ஆழ்ந்த குழிகள் எஞ்சின. இப்பகுதிப் பாறையின் ஒரு கூறு இன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. குழிகளின் கதை வேறுவிதமாகத் திரும்பியது. மாங்காட்டுக்கு அருகிலுள்ள சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் மழைநீர் தேங்கி ஏரிபோல் நின்றது. 2017இலும் 2019இலும் சென்னை கடும் குடிநீர்ப் பஞ்சத்தில் தவித்தபோது, அந்நீரை இறைத்துச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்கு வழங்கினர். மலையை உடைத்து வீடு கட்டிய நகரம், மலை இருந்த பள்ளத்து நீரைக் குடித்தது.

இக்கல் எவ்வாறு பிறந்தது என்பதில் அறிஞர்களிடையே நீண்டநாள் வழக்கு இருந்தது. உருகிய குழம்பு உறைந்து உண்டானது என்றார் ஹாலண்டு. வேறொரு கல்லே பெருவெப்பத்தால் மாறி இவ்வாறாயிற்று என்றனர் பின்வந்தோர். கருநாடகத்தில் கப்பல்துர்க்கம் என்னுமிடத்தில் மைசூர்ப் புவியியலறிஞர் பிச்சமுத்து ஓர் அரிய காட்சியைக் கண்டார். அங்கே சாம்பல் நிறப் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளும் கீற்றுகளும் மை ஊறினாற்போலப் பரவியிருந்தன. ஒரு கல் மற்றொரு கல்லாக மாறிக்கொண்டிருக்கையில் பாதியில் நின்றுவிட்ட நிலை அது. 1960இல் 'நேச்சர்' என்ற ஆங்கில அறிவியல் இதழில் அவர் இதனை வெளியிட்டார். பின்னர்க் கேரளத்தில் பொன்முடியிலும் இத்தகைய திட்டுகள் ஆராயப்பட்டன. ஆழத்திலிருந்து கரியமில வாயு பிளவுகளின் வழியே ஊடுருவி நீரை விரட்டியபோது இம்மாற்றம் நேர்ந்திருக்கலாம் என்பது இவற்றால் கிடைத்த விளக்கம். இன்று, உறைந்து பிறந்ததும் உண்டு, மாறிப் பிறந்ததும் உண்டு என்ற முடிவுக்கு அறிஞர் பெரும்பாலும் வந்துள்ளனர்.

வயதிலும் வேறுபாடு உண்டு. சென்னைப் பக்கத்துச் சார்னோக்கைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதுமையுடையது. மதுரை மலைகளிலிருந்து எறணாகுளம் மாவட்டத்தின் கிழக்குவரை பரந்துள்ள பாறைத்தொகுதியில், பழங்கற்களே சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மீண்டும் ஒருமுறை கடுமையாகச் சூடேறின. இந்தியாவும் இலங்கையும் மடகாசுகரும் அண்டார்டிகாவும் நெருங்கி ஒட்டிக் கோண்டுவானா என்ற பெருநிலமாக இணைந்த காலம் அது. அதனால்தான் இலங்கையின் மலைநாட்டிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் இதே குடும்பத்துக் கல் கிடைக்கிறது. குடும்பம் ஒன்று, பிறந்த நாள் மட்டும் வேறு வேறு.

கேரளத்துக்குத் திரும்புவோம். இங்கே இக்கல் இன்னொரு வடிவிலும் நம் கண்முன் நிற்கிறது. மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்கும் இந்நாட்டில், கருங்கல்லின் மேற்பகுதி பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து, கரையக்கூடியன கரைந்தோட, இரும்பும் அலுமினியமும் தங்கிச் செம்புறாங்கல்லாக மாறிவிடுகிறது. மண்ணுக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டலாம். வெளியே காற்றுப்பட்டால் இறுகிவிடும். மலையாளிகள் இதனை வெட்டுகல் என்பர். 1800ஆம் ஆண்டின் இறுதியில் மலபாரில் சுற்றிவந்த பிரான்சிசு புக்கானன் அங்காடிப்புறத்தில் இதனைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயரிட்டு 1807இல் நூலாக்கினார். உலகப் புவியியலுக்கு இவ்விரு பெயர்களும் தென்னாட்டுக் கற்களால் வாய்த்தன. கொச்சியிலும் பழைய வீடுகளும் கோட்டைச் சுவர்களும் பெரும்பாலும் இவ்வெட்டுகல்லால் எழுந்தவையே. கருங்கல்லின் தேவை பெருகியது கடலோடு போராடத் தொடங்கியபோதுதான்.

1920இல் இராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சித் துறைமுகம் அமைக்க வந்தார். அழிமுகத்தின் குறுக்கே கிடந்த மணல்திட்டை வெட்டி நீக்கினால் வைப்பின் கரையைக் கடல் அரித்துவிடுமே என்ற அச்சம் முன்னிருந்தது. கரைக்கு இணையாக, ஒன்றன் தலைப்பை ஒன்று தாண்டி நிற்குமாறு, கருங்கல் தடுப்புகளைப் போட்டு, மழைக்காலத்து அலையே மணலைக் கொணர்ந்து அவற்றின் உள்ளே நிரப்பும்படி அவர் வகுத்தார். 1928 மே 26ஆம் நாள் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவும் உருவாயிற்று. கடற்கரையில் கருங்கல் எவ்வளவு பயன்படும் என்பதைக் கொச்சி அன்று கண்டுகொண்டது.

அதன்பின் கேரளக் கடற்கரையில் நெடுந்தொலைவுக்குக் கருங்கற்சுவர் வந்தது. ஆனால் மணல்மேல் வைத்த கல் நிலைத்து நிற்பதில்லை. அலை அடிமணலை வாரிக்கொண்டு போகக் கல் சரிந்து அமிழும். மேலே மேலே புதுக்கல் போட வேண்டும். பள்ளுருத்திக்குத் தெற்கே செல்லானத்தில் இதனைக் கண்கூடாகக் கண்டோம். 2017ஆம் ஆண்டு நவம்பர் முடிவில் எழுந்த ஒக்கிப் புயலின்போது, பழைய சுவர் சரிந்துகிடந்த இடங்களில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. பின்னர் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மக்கள் பாயும் பாத்திரமுமாகப் பள்ளிக்கூடங்களில் தங்க நேர்ந்தது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆலோசனையுடன் 344 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2022இல் வேலை தொடங்கியது. செல்லானம் மீன்பிடித் துறையிலிருந்து வடக்கே ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல், 'டெட்ராபாட்' எனப்படும் நாற்கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பினர். அதற்குப்பின் அச்சுவருக்கு உள்ளே வாழ்வோர் மழைக்காலத்தில் வீட்டில் உறங்க முடிந்தது. சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே, கண்ணமாலி, செறியகடவு முதலிய பகுதி மக்கள், தங்கள் கரைக்கும் அது வேண்டுமென்று தெருவில் இறங்கினர். அவர்கள் கேட்டது நியாயமே. கடல் ஓரிடத்தில் தடைப்பட்டால் தடையில்லாத பக்கத்துக் கரையைத்தான் முட்டும்.

கல்லைத் தரும் மலையடியிலும் ஒரு குரல் எழுகிறது. அதனையும் நாம் கேட்க வேண்டும். வீட்டுக்கும் வெடி வைக்கும் பாறைமடைக்கும் இடையே 50 மீட்டர் தொலைவு போதுமா, 200 மீட்டராவது வேண்டுமா என்ற வழக்கு, 2020 முதல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கேரள உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் எனப் பல படிகள் ஏறியது. வெடி அதிர்ச்சியில் சுவர் விரிந்தவர்களும் கிணறு வற்றியதாக முறையிடுவோரும் அங்கே உள்ளனர். மடைக்குள் வேலை செய்வோருக்கோ தூசியே பெரும்பகை. குவார்ட்சுத் தூள் மூச்சோடு உட்சென்று நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் உண்டாகும். வந்தபின் அதற்கு மாற்று இல்லை. நீர் தெளித்துக்கொண்டு துளையிடுவதும் முகக்கவசம் அணிவதும் எளிய காப்புகள். எளியவை என்பதாலேயே பல இடங்களில் அவை கைவிடப்படுகின்றன. முன்பு இம்மடைகளில் நம்மவர் பலர் சம்மட்டி பிடித்தனர். இப்போது வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் மிகுதி. அன்று வங்கத்துக்குக் கல் போயிற்று. இன்று கல்லைத் தேடி வங்கத்தார் வருகின்றனர்.

ஆற்று மணல் அருகியபின் மணலும் கல்லிலிருந்தே வரவேண்டியதாயிற்று. கல்லை அரைத்தெடுக்கும் எம்-சாண்டே இன்று பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் பயன்படுகிறது. கேரளத்து மடைகள் போதாமல், குமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து கல்லும் எம்-சாண்டும் எல்லை கடந்து வருகின்றன. திருவனந்தபுரத்துக்கு அருகே விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மூன்று கிலோமீட்டர் நீள அலைதடுப்புச் சுவர் கட்டியபோது, வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதற்குக் கல் கிடைக்காமையும் ஒரு காரணமாக இருந்தது. 2025 மே மாதம் 2ஆம் நாள் அத்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. குமரி மாவட்டத்தில் மலை குடைவதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிகளை, நம் ஊர்ச் செய்திகளைப் படிக்கும் நேயர்கள் அறிந்திருப்பர்.

நாற்கால் கான்கிரீட் கட்டி வந்துவிட்டதால் இனிக் கருங்கல் தேவைப்படாது என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அக்கட்டிகளுக்கு அடியில் சிறியதும் பெரியதுமாகக் கருங்கற்படுக்கை இட வேண்டும். இல்லையேல் அவையும் மணலில் அமிழும். கட்டியின் உள்ளே இருப்பதும் ஜல்லியும் எம்-சாண்டுமே. செல்லானத்துச் சுவர்ப்பக்கம் செல்லும்போது முனை உடைந்த கட்டி ஏதேனும் கண்ணில் பட்டால் சற்றுக் குனிந்து பாருங்கள். சிமெண்டின் வெளிறிய சாம்பலுக்கிடையே, கடல்நீர் பட்டு நனைந்த ஜல்லி, எண்ணெய் பூசினாற்போலக் கரும்பச்சையாக மின்னும்.